இடுப்பு உயரக் கோடு

அண்ணன் நான்காவது முறையாக வேனைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது வயரக்கா ஒரு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். எட்டிப் பார்க்கவில்லை. ஹார்ன் சத்தமே போதுமாக இருந்தது. குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று. தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி ஹார்ன் அடிக்கிறவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

“பாப்பா, லைட்டு பத்தல.”

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. காதோரம் நரைத்துவிட்டது. பேட்டரி அமிலம் பட்ட தழும்பு முழங்கை வரைக்கும் உண்டு. எரியாத லைட்டு, அடிக்காத ஹார்ன், கிளம்பாத மோட்டார் என்று எது வந்தாலும் வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் வயரக்கா. அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா.

“பத்தலைன்னா என்ன அர்த்தம்? போன மாசந்தான எல்.இ.டி. போட்டுக் குடுத்தேன்?” டிராக்டருக்கு அடியிலிருந்தே கேட்டாள்.

“போட்ட. ஆனா பத்தல.”

பக்கத்தில் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினான். அவனைக் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்றுகூட அவன் நகக்கண்ணில் அது இருந்ததாகப் பேச்சு. “அண்ணே, உங்க வேன் வர்றதைப் பாத்துட்டு சேவலெல்லாம் விடிஞ்சுபோச்சுன்னு கூவுதாம். இன்னுமா பத்தல?”

“நீ உன் நட்டைப் பாருடா.”

வயரக்கா வெளியே ஊர்ந்து வந்து, கையைத் துடைத்தபடி வேனைப் பார்த்தாள். ஆலைக்கு ஆள் ஏற்றுகிற வேன். விடியக்காலை இருட்டில் கிளம்பி, ஒன்பது நிறுத்தங்களில் இருபத்திரண்டு பேரை ஏற்றி, முதல் ஷிப்டு சங்கு ஊதுவதற்குள் ஆலை வாசலில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பதினோரு வருஷமாக அண்ணனுக்கு அதுதான் வேலை. அதற்கு முன்னால் அதே ஆலையில் லோடு ஏற்றினான். பதினைந்து வருஷம் முதுகிலும் பிடரியிலும் மூட்டை. உட்கார்ந்து பார்க்கிற வேலையாக அவனுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அந்த டிரைவர் சீட்டுதான். அதில் ஒரு துண்டை விரித்துப்போட்டு, வேறு யாரையும் உட்காரவிடமாட்டான்.

முதல் தடவை அவன் வந்து லைட்டு மங்கலாக இருக்கிறது என்றபோது அவள் சந்தேகப்படவில்லை. ஹெட்லைட் கண்ணாடி பழுத்து மஞ்சளடித்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தாள். பத்தல என்றான். இரண்டாம் தடவை வயரைத் தடிமனாக மாற்றி, ரிலே வைத்து, மீட்டரில் அளந்தாள். பேட்டரியில் இருக்கிற கரண்ட் சிந்தாமல் சிதறாமல் பல்புக்கு வந்து சேர்ந்தது. பத்தல என்றான். மூன்றாம் தடவை அவனே பேச்சை எடுத்தான். எல்லாரும் எல்.இ.டி. போடுகிறார்களே, நமக்கும் போடு.

அவளுக்கு அரைமனசுதான். அந்த ஹெட்லைட்டின் உள்கிண்ணம் இழை பல்புக்காகச் செய்தது. இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்தைக் கணக்குவைத்து வளைத்திருப்பார்கள். அதில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் கொட்டும், ஆனால் சொன்ன இடத்தில் விழாது. எதிரில் வருகிறவன் கண்ணில்தான் பாதி போய் அடையும். இருந்தாலும் அண்ணன் கேட்கிறான். பல்பில் வெளிச்சம் விடுகிற இரண்டு பக்கச் சில்லும் சரியாக இடம் வலம் பார்க்கும்படி திருப்பி உட்காரவைத்து, சுவரில் கோடு பார்த்து இறக்கிக் கொடுத்தாள்.

அந்தக் கோடு பட்டறையின் கடைசிச் சுவரில் இருக்கிறது. இடுப்பு உயரத்துக்குச் சாக்பீஸால் போட்டது. அழிய அழியப் போடுவாள். வண்டியை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி லைட்டைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் வண்டி வெளியே போகாது. அவள் பட்டறைச் சட்டம் அது ஒன்றுதான்.

“ஷட்டரை இறக்குடா” என்றாள்.

கிரீஸ் இரண்டு ஷட்டரையும் இழுத்து விட்டான். நடுப்பகல் வெளியே நின்றுபோக, பட்டறைக்குள் இருட்டு. அண்ணன் லைட்டைப் போட்டான். வெளிச்சம் கோட்டைத் தாண்டி, காலண்டர் ஆணியைத் தாண்டி, தகரக் கூரை வரைக்கும் ஏறி நின்றது.

“யாரு இதுல கை வச்சது?”

“நாந்தான். கொஞ்சூண்டு தூக்கினேன்.”

“கொஞ்சூண்டா? இது ரோட்டுல போற வண்டிக்கு வைக்கிற லைட்டா, மரத்துல குருவிக்கூடு தேடுற லைட்டா? பால்லாரிக்காரர் நேத்து இங்க வந்து என்னைப் புடிபுடின்னு புடிச்சிட்டுப் போறாரு. உன் அண்ணன் எதிர்ல வந்தா நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓட்டுறேன், எது நடந்தாலும் நீதான் பொறுப்புங்கறாரு.”

“அவனுக்கு என்ன. தூங்கிக்கிட்டே ஓட்டுற ஆளு.”

இவனிடம் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே தொட்டுப் பார்த்தால்தான் சூடு என்று நம்புகிறவன். பழுதான வண்டிகளை இழுத்துவருகிற பட்டறையின் இழுவை வண்டி எதிர்க்கோடியில் நின்றிருந்தது. அதை வேனுக்கு நேர் எதிராகத் திருப்பி நிறுத்தி, அதன் லைட்டையும் போட்டாள். ரோட்டில் இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்து நிற்கிற மாதிரி ஆயிற்று.

“நீ போய் அதுல உக்காரு. உன் லைட்டு எதிர்ல வர்றவனை என்ன பாடு படுத்துதுன்னு நீயே பாரு. டேய் கிரீஸு, மொதல்ல நீ ஏறு.”

கிரீஸ் ஏறி உட்கார்ந்தான். அவள் இரண்டு வண்டிக்கும் நடுவில், ஓரமாக, ரோட்டோரம் நடந்துபோகிறவர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள். நீல நிற வேலைச்சட்டை போட்டிருந்தாள். ஆலைக்காரர்களும் ஏறக்குறைய அதே நீலம்தான்.

“என்ன தெரியுது?”

“ஐயோ அக்கா! கண்ணு அவிஞ்சிடும்போல இருக்கு. சூரியனுக்கே டார்ச்சு அடிக்கிற லைட்டு இது.”

“நான் தெரியுறேனா?”

“நீ தெரியாமலா? இடுப்புல கை வச்சிருக்க. கையை வச்சா கோவம்னு அர்த்தம். இறங்கிக்கிறேன்.”

அண்ணன் ஏறினான். சீட்டைச் சரிசெய்துகொண்டான். சாய்ந்தான். அவள் அதே இடத்தில் அசையாமல் நின்றாள். அவன் முன்னால் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

“பாப்பா, எங்க போயிட்ட? லைட்டைப் போட்டுட்டு வெளிய ஓடிட்டியா?”

கிரீஸ் சிரித்தான். அவளும் சிரித்தாள். விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள்.

“பாப்பா?”

அவன் குரலில் விளையாட்டு இல்லை. இழுவை வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கிரீஸ் அவன் முகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவள் நின்ற இடம் அண்ணனிடமிருந்து எட்டடிதான்.

அவள் போய் வேனின் இரண்டு ஸ்குரூவையும் திருகி வெளிச்சத்தை இடுப்புக்குக் கீழே இறக்கினாள். திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றாள். இப்போது அவளுக்கே இழுவை வண்டிக்குள் அண்ணன் உட்கார்ந்திருப்பதும் அவன் சட்டைப் பையில் பேனா இருப்பதும் தெளிவாகத் தெரிந்தது.

“இப்ப?”

குரல் வந்த பக்கம் அவன் சட்டென்று திரும்பினான். “ஆங், இப்ப நல்லாத் தெரியுதே. இவ்ளோதான் விஷயம்.”

“என் கையில என்ன இருக்கு?”

“என்ன இருக்கும். ஸ்குரூடிரைவர்.”

ஸ்குரூடிரைவரை அவள் வேனின் பம்பர் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஐந்து விரலையும் விரித்து வெறுங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். கை தானாகக் கீழே இறங்கிற்று.

கிரீஸ் ஷட்டரைத் தூக்கினான். பகல் உள்ளே வந்தது. வெயிலில் அண்ணன் இறங்கி, சர்வசாதாரணமாக நடந்து, வழியில் கிடந்த ஜாக்கியைத் தாண்டி வந்தான். பகலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போன வாரம் வீட்டுக்கு வந்தவன் வாசல் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, பல்பை மாற்று என்றான். அவள் அதையும் மாற்றினாள்! மூன்று மாதமாக அவன் லைட்டு கேட்டான், அவள் லைட்டு கொடுத்தாள். வயரைப் பிடித்துக்கொண்டே போனவள், வயர் முடிகிற இடத்தில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கவில்லை.

“என் மாமியாருக்கு இப்படித்தான் இருந்துச்சு” என்றான் கிரீஸ், யாரையும் பார்க்காமல். “கண்ணுல புரை. அறுத்து எடுத்தாங்க. இப்ப அரைக் கிலோமீட்டர்ல நான் வர்றதைப் பாத்துட்டு வேலை சொல்லுது.”

“என் கண்ணுல என்னடா புரை? போன தடவை டெஸ்ட்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.”

“அது எப்ப?” என்றாள் வயரக்கா.

அண்ணன் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். கிரீஸ் டீ வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு, காசுகூட எடுக்காமல், வெளியே போனான்.

அவள் வேனின் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“சாவியைக் குடு பாப்பா.”

“இருட்டுல நீ ஓட்டக் கூடாது.”

“மூணு மாசமா ஓட்டுறேன். வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம். ஒரே ஒரு கீறல். காட்டிட்டேன்னா நானே இறங்கிப் போயிடறேன்.”

அவளுக்குக் காட்டக் கீறல் எதுவும் இல்லை. வேன் புதுசு மாதிரிதான் இருந்தது. அவன்தான் தினமும் துடைக்கிறானே.

“முதலாளி காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?” குரலைத் தாழ்த்தினான். “கண்ணு சரியாகுற வரைக்கும் ரெஸ்ட் எடுன்னு சொல்ல அவன் என்ன மாமனா, மச்சானா? அடுத்த நாளே வேற டிரைவர் ஏறிடுவான். என்னைத் திரும்ப லோடு பக்கம் தள்ளிடுவான். அம்பத்து மூணு வயசுல மூட்டை தூக்கச் சொல்றியா?”

அவன் பிடரியில் இன்னும் அந்தக் காய்ப்பு இருக்கிறது. பதினோரு வருஷமாகியும் கரையவில்லை. சட்டைக் காலர் அதன் மேல் எப்போதும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். அவள் அதைப் பார்த்தாள். இல்லை, அப்படி நடக்காது என்று சொல்ல அவளால் முடியவில்லை. நடக்கும். ஆலை எப்படி நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“நாளைக்குக் காலையில நான் ஓட்டுறேன்” என்றாள். பட்டறைக்கு வருகிற பெரிய வண்டிகளை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளும் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். “வயரிங் செக் பண்ணணும்னு சொல்லிக்கலாம். நீ பக்கத்துல உக்காந்து வழி சொல்லு. மத்ததை அப்புறம் பேசுவோம்.”

“என் சீட்டுலயா?”

“உன் துண்டை மடிச்சு நீயே வச்சுக்க.”

சாயங்காலத்து நடையைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே அவனே முடித்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவள் எல்.இ.டி. பல்புகளைக் கழற்றினாள். பழைய இழை பல்புகள் செய்தித்தாளில் சுற்றியபடி அலமாரியில் இருந்தன. கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்துப் பொருத்தினாள். மஞ்சள் வெளிச்சம் சுவரில் கோட்டுக்குக் கீழே, கத்தியால் வெட்டிய மாதிரி, அடங்கி நின்றது. அண்ணன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றுகிறாயே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடிகிற முன்னால் கிளம்பினார்கள். அண்ணன் பக்கத்துச் சீட்டில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தெரு முனை திரும்பியதும் வழி சொல்ல ஆரம்பித்தான்.

“பெரிய வளைவு. வளைஞ்சதும் இருபது எண்ணு. மேடு வரும்.”

அவள் எண்ணவில்லை. மேடு கண்ணெதிரே வெள்ளைப்பட்டை போட்டுக்கொண்டு கிடந்தது. அவன் வாய் மட்டும் முணுமுணுத்தது. பதினெட்டு, பத்தொன்பது. இருபதில் வேன் ஏறி இறங்கியது.

“பாத்தியா?” என்றான் பெருமையாக.

மூன்று மாதமாக இருபத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு இவன் ரோட்டை எண்ணிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். எண்ணிக்கையில் சேராத ஒரு மாடு, ஒரு சைக்கிள், ஒரு பிள்ளை குறுக்கே வந்திருந்தால்?

முதல் நிறுத்தம் நெருங்கியது. நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அவர்களில் ஒருத்தி கையில் செல்போன் டார்ச்சைப் போட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வயரக்கா நிறுத்தினாள். இரண்டாவது நிறுத்தத்திலும் ஒரு டார்ச்சு ஆடியது. மூன்றாவதிலும்.

“எதுக்கு லைட்டு ஆட்டுறீங்க?” ஏறிய பெண்ணிடம் கேட்டாள்.

“ஆட்டினாத்தான அண்ணன் நிறுத்துவாரு? அதான் எங்க வேனுக்குச் சிக்னலு.” அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு பக்கத்துச் சீட்டில் அவனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள். “என்னண்ணே, இன்னிக்கு ஓசிப் பயணமா?”

அண்ணன் “வயரிங் செக்கு” என்றான்.

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் இருந்த விதத்திலேயே வயரக்காவுக்குப் புரிந்தது. பேசிவைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஒருத்தி ஒருநாள் ஆட்டியிருப்பாள், வேன் ஒழுங்காக நின்றிருக்கும். மறுநாள் அடுத்தவள் ஆட்டியிருப்பாள். நல்ல மனுஷன், யாராவது ஒருநாள் லேட்டாக வந்தாலும் ஒரு நிமிஷம் காத்திருந்து ஏற்றிக்கொள்கிறவன். அவன் வேலைக்கு ஏன் உலை வைக்க வேண்டும்? இப்படியே ஆளாளுக்கு வெளிச்சம் பிடித்து அவனை ரோட்டில் நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள், அந்த வேனுக்குள் தங்கள் உயிரும் இருக்கிறது என்பதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு.

எட்டு நிறுத்தம் தாண்டியது. ஒன்பதாவது, மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் சுவரோரம். டார்ச்சு எதுவும் இல்லை. இருட்டோடு இருட்டாக, நீலச்சட்டையில் ஒரு ஆள் தனியாக நின்றான். வேனைக் கண்டதும் ஓரடி முன்னால் வந்து, பிறகு வராதது போலப் பின்னால் போனான்.

அவள் நிறுத்தினாள்.

“எதுக்கு நிறுத்துற?” என்றான் அண்ணன்.

“ஆளு நிக்கிறாரு.”

“இங்கயா?” அவன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தான்.

அந்த ஆள் ஏறினான். ஆலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதனால் எல்லாரும் புதுசு என்று கூப்பிட்டார்கள். உள்ளே போகாமல், அண்ணனின் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே, கோவம் தீந்துச்சா?”

“என்ன கோவம்?”

“கூட ஏறுற அக்கா லீவு போட்டதுலேருந்து ரெண்டு தடவை என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே. கையைக் காட்டினேன், பின்னாடியே ஓடி வந்தேன், நீங்க நிறுத்தல. நடந்து போறதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க, ரெண்டு நாளும். மூணாவது தடவை விட்டா சீட்டைக் கிழிச்சிருவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. நான் என்ன தப்பா பேசினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேண்ணே, எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிருங்க.”

“உன் போன் என்னாச்சு?” பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள். “லைட்டு ஆட்டணும்னு உனக்கு யாரும் சொல்லலையா?”

“ஏங்கிட்ட போனே இல்லையே அக்கா.”

வேன் ஓடிக்கொண்டிருந்தது. வயரக்கா ரோட்டையே பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று எதிர்பார்த்தாள். ஆமாடா, கோவம்தான், இனிமே ஒழுங்கா இரு என்று ஒரு அதட்டல் போட்டால் போதும். புதுசு நம்பிவிடுவான். நிம்மதியாகக்கூடப் போய் உட்காருவான்.

அண்ணன் மடியில் இருந்த துண்டைப் பிரித்தான். திரும்ப மடித்தான்.

“கோவமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா” என்றான். “நீ நின்னது எனக்குத் தெரியல.”

“இருட்டா இருந்துச்சாண்ணே?”

“இருட்டு இல்ல. எனக்குக் கண்ணு தெரியல.” வேன் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று நினைத்தவன்போலத் திரும்பி உட்கார்ந்து, பின்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான். “இருட்டுல எனக்குக் கண்ணு தெரியல. மூணு மாசமா.”

யாரோ ஒருவர் அணைக்க மறந்திருந்த டார்ச்சு வேன் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. அது அணைந்தது.

“உக்காருப்பா” என்றான் அண்ணன் புதுசிடம். “உன் மேஸ்திரிகிட்ட நான் வந்து சொல்றேன். தப்பு உன்மேல இல்லன்னு.”

“மேஸ்திரிகிட்ட சொன்னா முதலாளிக்குப் போயிடுமேண்ணே” என்றாள் பின்னாலிருந்த பெண், மெதுவாக.

“போகட்டும்.”

ஆலைச் சுவர் தெரிய ஆரம்பித்தது. எதிரே பால்லாரி வந்தது. வயரக்கா லைட்டை இன்னும் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை. அது இருக்கவேண்டிய உயரத்தில்தான் இருந்தது. பால்லாரிக்காரர் கண் கூசாமல் தாண்டிப் போனவர், சந்தோஷத்தில் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

“யாரு அது?” என்றான் அண்ணன்.

“பால்லாரி.”

“தூங்கிக்கிட்டே ஓட்டுற ஆளு” என்றான். பிறகு, பழக்கதோஷத்தில், உதட்டுக்குள்ளேயே எண்ண ஆரம்பித்தான். ஆறு, ஏழு, எட்டு. கேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. பத்தில் வரும்.

அவள் பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினாள். அண்ணன் பத்து என்று சொல்லிவிட்டு, குலுங்குவதற்குத் தயாராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வேன் குலுங்கவில்லை. கம்பியை விடாமலே கேட்டான்:

“ஆஸ்பத்திரியில சீட்டு எத்தனை மணிக்குப் போடுவாங்க பாப்பா?”